மீட்சி நேரம்

ஏலம் என்றால் குரல் ஏற வேண்டும்.
இது இறங்குகிற ஏலம்.
யார் குறைத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்கே
சாலிஸ்பரியின் நாற்பத்தாறு பஸ் தடங்கள், ஏழு வருஷத்துக்கு.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ ஆளில்லை.
தரத்துக்குத் தனிப் பத்தி இருந்தது, நூற்றுக்கு முப்பது.
விலைக்கு எழுபது.

ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும்
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தரும்.
அந்த 'இவ்வளவு'தான் என் வேலை.
ஐந்து டாலர், ஒரு புள்ளி, அப்புறம் இரண்டு இலக்கம்.
ஒப்பந்தப்புள்ளி என்று தமிழில் யார் பெயர் வைத்தார்களோ,
அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம்
எட்டு மாதம் குடியிருந்தேன்.

கடைசி ராத்திரி ரஸ்ஸல் வந்து
என் மேசை விளிம்பில் உட்கார்ந்தான்.
"பதினோரு சென்ட் கூட இருக்கோம், மேகி."
மங்கையர்க்கரசியிலும் மிச்சம் பிடித்தவன் அவன்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
டீசலைத் தொட முடியாது.
சம்பளம் யூனியன் கையில்.
பஸ்ஸே அரசாங்கத்துடையது.
வெட்ட இருந்தது நேரம் ஒன்றுதான்.

தடம் 471, பாராலோவி கடைசி நிறுத்தம்.
வந்து சேர்வதற்கும் திரும்பக் கிளம்புவதற்கும் நடுவே
ஏழு நிமிடம்.
அந்தப் பத்தியின் தலைப்பு 'மீட்சி நேரம்'.
யாருடைய மீட்சி என்று எழுதியிருக்கவில்லை.
ஏழை மூன்றாக்கினேன்.
தொண்ணூற்று நான்கு ட்ரிப்பால் பெருக்கினால்
நாளைக்கு ஆறேகால் மணி நேரம்.
முகமோ பெயரோ இல்லாத ஒரு டிரைவர்
திரையிலிருந்து இறங்கிப் போனார்.
அதே கத்தரியை மற்றத் தடங்களிலும் வைத்தேன்.

ஜெயித்தோம்.
ரஸ்ஸல் வெட்டிய கேக்கும் பஸ்தான்,
சக்கரத்துக்கு பிஸ்கட்.

ஒரு ஞாயிறு விடிவதற்குள் கை மாறியது.
அதே டிப்போ, அதே வண்டி, அதே ஆட்கள்.
சட்டை மட்டும் புதுசு,
கடை மடிப்புக் கலையாமல்.

ஆகஸ்ட். மழை. என் கார் ஒர்க்‌ஷாப்பில்.
471-இல் ஏறினேன்.
பெயர் அட்டையில் ஸ்டோயன் என்றிருந்தது.
அறுபதை நெருங்கிய மனிதர்.
பெடலுக்குத் தேவைப்படாத இடது கால்
ஆடிக்கொண்டே இருந்தது.
பாதி வழியில், பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி,
"ரெண்டே நிமிஷம், மன்னிக்கணும்" என்று
கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு
மழைக்குள் ஓடினார்.

பள்ளிப் பையன்கள் சிரித்தார்கள்.
காய்கறித் தள்ளுபையை முழங்காலால் பிடித்திருந்த பெண்
என் பக்கம் திரும்பினாள்.
"இந்த டைம்டேபிள் போடுறவங்களுக்கு
ஒண்ணுக்கே வராதா?"
நான் ஜன்னலைத் துடைத்தேன்.
ஈரம் வெளிப்பக்கம் இருந்தது.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.
எண்ணாமல் உட்காரத் தெரியவில்லை எனக்கு.
ஏற்கனவே ஒன்றரை நிமிடத் தாமதம்.
நாலு ஐம்பத்தொன்பது வரை
நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு.
ஐந்து என்றால் அபராதம்.

வந்தார். ஈரக் கையை
நெஞ்சில் இருந்த எங்கள் கம்பெனிச் சின்னத்தில் துடைத்துவிட்டு
வண்டியை எடுத்தார்.

மிச்சம் நாற்பத்தொன்பது வினாடி.
ஒருவர் மணி அடித்து இறங்கச் சராசரி
பன்னிரண்டு வினாடி, அதுவும் நான் போட்ட எண்.
பாட்டில் ஷாப், மஞ்சள் வேலி, என் நிறுத்தம்.
பொத்தான் மேல் விரல் இருந்தது.
அழுத்தவில்லை.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி
வந்த வழியே நடந்தேன்.
ஒரு நிறுத்த தூரம்கூடப் போயிருக்க மாட்டேன்,
பின்னாலிருந்து வந்து வேகம் குறைத்தார் ஸ்டோயன்.
ஏறிக்கொள்கிறாயா என்று
விளக்கை ஒருமுறை மினுக்கினார்.

குடை இல்லாத கையை ஆட்டி
போங்கள், போங்கள் என்றேன்.